முகட்டுப் பாதைக்கு பூட்ஸா, அப்ரோச் ஷூவா?

கணுக்காலை மூடும் கனத்த பூட்ஸில் ஏழு வருஷம் மலை நடந்தவன் நான். பாறையடி வரை நடக்கவும் பாறையில் கொஞ்சம் ஏறவும் ஏற்ற, கணுக்காலுக்குக் கீழே நின்றுவிடும் அப்ரோச் ஷூவுக்கு மாறி மூன்று வருஷம் ஆகிறது. அதனால் நடுநிலையை என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

பூட்ஸ் கனம், ஆனால் பெரிய மூட்டை சுமக்கும்போது காலுக்கு உறுதி. அப்ரோச் ஷூ இலேசு, சீக்கிரம் காயும், பொடிக்கல் உள்ளே புகுந்து உயிரை வாங்கும். இதெல்லாம் தெரிந்த கதை.

முகட்டில் கணக்கே வேறு. இரண்டு பக்கமும் சரிவு, நடுவில் ஓரடி ஈரடி அகலத்துக்கு உடைந்த பாறை. பாதத்தை முழுசாகப் பதிக்க இடம் கிடைப்பதே அபூர்வம். பெருவிரலுக்கு அடியில் இருக்கும் இரண்டு விரற்கடை சோல்தான் ஆளைத் தாங்குகிறது. அப்ரோச் ஷூவைக் கவிழ்த்துப் பாருங்கள்: அந்த இடத்தில் மட்டும் சோலில் துருத்தி நிற்கும் ரப்பர் கட்டைகள் இல்லாமல் மழமழவென்று இருக்கும். ரப்பரும் மிருதுவான ரகம். காய்ந்த பாறையில் ரப்பர் எவ்வளவு படிகிறதோ அவ்வளவு பிடிப்பு. பூட்ஸின் ஆழமான கட்டைகள் சேற்றுக்கும் தளர்ந்த மண்ணுக்கும் நல்லவை. சாய்ந்த பாறையில் அவற்றின் நுனிதான் தொடும், அதுவும் லேசாக வளையும். அந்த நெளிவு காலில் தெரியும்போது அடிவயிறு கலங்கும்.

பூட்ஸைக் குறை சொல்லிவிட்டு இதைச் சொல்லாமல் விடக்கூடாது. ஆணி அடித்த தோல் பூட்ஸோடு ஏறிய காலத்தில், 1935இல் கூட்டாளிகள் ஆறு பேரை ஆல்ப்ஸ் மலையில் பறிகொடுத்த விட்டாலே பிரமானி என்ற இத்தாலியர்தான் 1937இல் கட்டை வைத்த ரப்பர் சோலைக் கொண்டுவந்தார். சோல் தயாரிக்கும் விப்ரம் நிறுவனத்தின் பெயரே அவர் பெயரின் சுருக்கம்.

சரி, அப்ரோச் ஷூவின் தொல்லைக்கு வருவோம். மிருதுவான ரப்பர் சீக்கிரம் தேயும், அதுவும் சரியாக அந்த இரண்டு விரற்கடையில். விளிம்பு கூராக இருக்கும்வரை விரல் தடிமன் படியிலும் நிற்கலாம். உருண்டுவிட்டால் வழுக்கும். போன வருஷம் "இன்னும் ஒரு நடை தாங்கும்" என்று தள்ளிப்போட்டேன். இறக்கத்தில் கால் ஒரு சாண் சறுக்கி முழங்கால் தோல் உரிந்தது. இப்போது ஒவ்வொரு நடைக்கும் முன்னால் கட்டைவிரல் நகத்தால் அந்த விளிம்பைத் தடவிப் பார்க்கிறேன். தேய்மானம் ஷூவைச் சுற்றியிருக்கும் ரப்பர் பட்டைக்கு ஏறுவதற்குள் சோல் மாற்றிவிட வேண்டும். பட்டையும் தேய்ந்தால் வேலை இரட்டிப்பு.

பூட்ஸ் சோல் இந்த விஷயத்தில் நீடித்து உழைக்கும். ஆனால் நடுச்சோல் பாலியூரித்தேன் என்றால், போடாமல் வைத்திருந்தாலும் சில வருஷத்தில் ஈரக்காற்றில் பொடிந்து போகும்.

பாசி படிந்த ஈரப்பாறையில் இரண்டுமே வழுக்கும். பனி முகட்டில் நான் ஒரே ஒரு முறைதான் நடந்திருக்கிறேன், அதுவும் பூட்ஸில். பனியில் குத்தி நிற்க அடியில் கட்டும் முள்தகடு மாட்ட விறைப்பான சோல் வேண்டும் என்பதால் அந்த ஜோடியை இன்னும் வைத்திருக்கிறேன்.

அப்புறம் ஒன்று. ரப்பர் தேயக்கூடாதென்று முகடு தொடங்கும் இடம் வரை பழைய ஷூவில் நடந்து, அங்கே மாற்றிக்கொள்கிறேன். பாறையடி வரை நடப்பதற்கென்றே பிறந்த ஷூவை அதுவரை பையில் சுமக்கிறாயே என்று கூட வருபவர்கள் சிரிக்கிறார்கள்.