180 வெள்ளி, ஆறு சனிக்கிழமை, ஐந்து முடிச்சு

நவீன யூதக் கதைகளில் வரும் சமயச் சின்னங்களைப் பற்றி ஆறு வார வகுப்பு. சனிக்கிழமை பிற்பகல், இரண்டு மணி நேரம், சிங்கப்பூர் மிடில் ரோடு பக்கம் ஒரு மாடி அறை, கட்டணம் 180 வெள்ளி. நடத்தியவர்கள் பெயரை எழுதவில்லை, பாதி வகுப்பைத் திட்டப்போகிறேன் என்பதால்.

முதலில் கிழமையைச் சொல்ல வேண்டும். யூதக் கதைகளுக்கான வகுப்பைப் போயும் போயும் சனிக்கிழமையிலா வைப்பார்கள்? யூதர்களின் வாராந்தர ஓய்வு நாளான சபாத்தை அனுசரிக்கிறவர் யாரும் வந்து குறிப்பெடுக்க முடியாது, அன்று விலக்கப்பட்ட 39 வகை வேலைகளில் எழுதுவதும் ஒன்று. இத்தனைக்கும் 1878இல் கட்டிய மகைன் அபோத் என்ற யூத ஜெப ஆலயம் பக்கத்திலேயே, நம் கிருஷ்ணன் கோயில் இருக்கிற அதே வாட்டர்லூ ஸ்ட்ரீட்டில் இருக்கிறது. விளைவு, வகுப்பில் நாங்கள் பன்னிரண்டு பேர், ஒருவருக்கும் அந்த வழிபாடு வீட்டுப் பழக்கம் இல்லை.

முதல் மூன்று வாரம் வந்த ஆசிரியர் திரையில் ஓர் அட்டவணை போட்டார். இடது பக்கம் பொருள், வலது பக்கம் அர்த்தம். மெழுகுவத்தி என்றால் நம்பிக்கை, கறுப்புக் கோட்டு என்றால் அடையாளம், தொழுகைச் சால்வை என்றால் பாரம்பரியம். பழைய தேர்வுக் கேள்விகளைத் தொகுத்த டென் இயர் சீரிஸ் புத்தகத்தின் கடைசிப் பக்க விடைகள்தான் நினைவுக்கு வந்தன. அந்தச் சால்வைக்குத் தாலித் என்று பெயர் என்றதும், என்னோடு வந்த அக்கா காதில் கிசுகிசுத்தார்: "பேரே தாலி மாதிரி இருக்கு. என் தாலியில ரெண்டு ஊக்கு மாட்டியிருக்கேனே, அதுக்கு அட்டவணையில என்ன போடுவாராம், கேளு தம்பி." நான் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். ஒரு தமிழ்க் கதையில் தாலி வந்தால் 'திருமணத்தின் சின்னம்' என்று எழுதி மதிப்பெண் வாங்கிவிடலாம், ஆனால் அவசரத்துக்கு ஊக்குக் கழற்றிக் கொடுக்கிற கையை எழுதுகிற ஆள்தான் எழுத்தாளர்.

நாலாவது வாரம் ஆசிரியர் மாறினார். புதியவர் திரையைப் போடவே இல்லை, ஒரு கட்டு வெள்ளை நூல் கொண்டுவந்து எல்லாருக்கும் கொடுத்தார். தாலித்தின் நான்கு மூலையிலும் தொங்கும் குஞ்சத்துக்குச் சிசித் என்று பெயர். ஒவ்வொன்றிலும் எட்டு இழை, ஐந்து முடிச்சு. எபிரேய எழுத்து ஒவ்வொன்றுக்கும் எண் மதிப்பு உண்டு, அந்தக் கணக்கில் சிசித் என்ற சொல் 600. அதோடு எட்டும் ஐந்தும் சேர்த்தால் 613, யூதர்களின் வேதமான தோராவின் கட்டளைகள் அத்தனை என்பது மரபு. மனசும் கண்ணும் இழுக்கிற பக்கம் போய்விடாமலிருக்க இதைப் பார்த்து நினைவுவைத்துக்கொள் என்று அந்த வேதத்தின் எண்ணாகமம் என்ற நூலில் 15ஆம் அதிகாரம் சொல்கிறது. நாங்களும் முடிச்சுப் போட்டுப் பார்த்தோம். என்னுடையது மூன்றாவதிலேயே அவிழ்ந்துவிட்டது.

அப்புறம்தான் கதையைத் திறந்தார். அமெரிக்க எழுத்தாளர் சிந்தியா ஓசிக்கின் 'த பேகன் ரப்பி' தொகுப்பு, 1971இல் வந்தது. தலைப்புக் கதையில் ஒரு ரப்பி, அதாவது யூத மதகுரு, பெரிய படிப்பாளி, இயற்கையின் மேல் மோகம் கொண்டு மரத்து வன தேவதையிடம் மனதைப் பறிகொடுத்து, கடைசியில் பூங்காவிலுள்ள ஒரு மரத்தில் தொங்கிவிடுகிறார். தூக்குக் கயிறாக ஆனது அவருடைய தாலித். கண் போன பக்கம் போகாதே என்று நினைவூட்டத்தான் அந்தத் துணி. அதே துணியில், அதே மரத்தில். நூலை விரலில் சுற்றிவைத்துக்கொண்டு இதைக் கேட்டபோது அறையில் யாரும் பேசவில்லை. 'பாரம்பரியம்' என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு இந்த இடத்துக்கு வந்து சேரவே முடியாது.

ஐந்தாவது வாரம் பெர்னார்ட் மாலமூட் என்ற எழுத்தாளர். 1958 தொகுப்பு, மறு வருடம் அமெரிக்காவின் தேசியப் புத்தக விருது வாங்கியது. அதில் கல்யாணத் தரகர் ஒருவர், தன் மகள் தனக்குச் செத்துவிட்டாள் என்கிறவர், கதை முடிகையில் அவளைப் பார்க்கப் பூவோடு ஓர் இளைஞன் போகும்போது தெருமுனைச் சுவரில் சாய்ந்து இறந்தவர்களுக்கான பிரார்த்தனையை ஓதுகிறார். யாருக்காக என்று ஒரு மணி நேரம் சண்டை போட்டோம். ஆசிரியர் இரண்டு தகவல் மட்டும் சொன்னார்: துக்கத்தில் சொல்லும் காதிஷ் என்ற பிரார்த்தனையில் மரணம் என்ற பேச்சே கிடையாது, முழுக்க இறைவனின் புகழ், அதைச் சொல்லப் பத்துப் பேர் கூடியிருக்க வேண்டும். தரகரோ தனியாள். சண்டை இன்னும் பெரிதானது.

ஆறாவது வாரம் சுமார், நேரம் போதவில்லை. குளிர்சாதனம் எப்போதும் அதிகம், சட்டைக்கு மேல் ஏதாவது எடுத்துப்போங்கள். நகல் தாள்கள் மங்கல், கதைகளைத் தேசிய நூலகத்தில் தேடி எடுத்துக்கொள்வது நல்லது. இன்னொன்று, ஷார்ட் ஸ்ட்ரீட் முனையில் 1928இல் கட்டிய டேவிட் எலியாஸ் கட்டடத்தின் முகப்பில் யூதர்களின் சின்னமான ஆறு முனை நட்சத்திரம் இருக்கிறது. எத்தனையோ வருஷமாகத் தௌ ஹுவே என்ற இனிப்புச் சோயாக் கட்டி சாப்பிட அந்தப் பக்கம் போகிறேன், இந்த வகுப்பு முடிந்துதான் தலையைத் தூக்கிப் பார்த்தேன்.

அடுத்த சுற்றில் பின் மூன்று வாரம் மட்டும் 90 வெள்ளிக்குச் சேரலாமா என்று அக்கா எழுதிக் கேட்டார். முழுக் கட்டணம்தானாம், அதுவும் மறுபடி சனிக்கிழமைதானாம்.