அம்மாவின் மெழுகுவத்தித் தாங்கிக்கு ஜோடி தேடி

பெர்த்திலிருந்து சிங்கப்பூர் வரும்போதெல்லாம், தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காக 1888இல் எழுந்த ஓஃபிர் சாலை லூர்து அன்னை ஆலயத்தில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, சுங்கை ரோடு பழைய பொருள் சந்தைக்கு நடந்தே போவது என் வழக்கம். 2017 ஜூலை 10ஆம் தேதியோடு அந்தச் சந்தை மூடப்பட்டுவிட்டதால், இம்முறை கடை கடையாக ஏறி இறங்க நேர்ந்தது. அம்மா மறைந்தபின் அவருடைய செம்மஞ்சள் கண்ணாடித் தாங்கிகள் இரண்டில் ஒன்றை கூரியரில் பெர்த்துக்கு அனுப்பினேன். அது மூன்று துண்டுகளாக வந்து சேர்ந்தது. மற்றொன்று தோ பாயோவில் அக்கா வீட்டில் இருந்தது.

அதை எடுத்துக்கொண்டு ஜாலான் புசார் பக்கம் ஒரு தமிழர் நடத்தும் பழைய பொருள் கடைக்குப் போனேன். அவர் நிறத்தைப் பார்க்கவில்லை. கவிழ்த்து அடிப்பாகத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, இது கார்னிவல் கண்ணாடி என்றார். அச்சில் அழுத்தி எடுத்த கண்ணாடி சூடாக இருக்கும்போதே உலோக உப்புக் கரைசலைத் தெளிப்பதால், தண்ணீரில் மிதக்கும் எண்ணெய்போல வானவில் நிறங்கள் படிகின்றன. அமெரிக்காவில் ஃபென்டன் நிறுவனம் 1907இல் விற்கத் தொடங்கிய இந்த வகை, பிற்காலத்தில் வளையலுக்குப் பேர்போன ஃபிரோசாபாத்திலும் செய்யப்பட்டது என்பதை அவர் சொல்லித்தான் அறிந்தேன். அங்கு செய்த குவளை ஒன்றை 35 வெள்ளிக்கு வாங்கினேன்.

ஏறக்குறைய அதே நிறத்தில் ஒரு தாங்கி அவரிடம் இருந்தது. நான் பணத்தை எடுத்தபோது, "ஜோடி மாதிரி இருக்கு, ஆனா ஜோடி இல்ல தங்கச்சி, உயரத்தப் பாருங்க" என்று தடுத்துவிட்டார். விற்பனையை இழந்தும் உண்மையைச் சொன்ன அந்தச் சேவையை நான் பெரிதாக மதிக்கிறேன்.

ஒட்டியிருந்த மெழுகைப் பற்றியும் கேட்டேன். உறைபெட்டியில் வைத்து உரிப்பது எங்கள் வீட்டுப் பழக்கம்; திடீரென வெப்பநிலை மாறினால் கண்ணாடியின் ஒரு பகுதி மற்றதைவிட வேகமாகச் சுருங்கி விரிசல் விடும் என்பதால், அதை அடியோடு நிறுத்தச் சொன்னார். இளஞ்சூட்டு நீரில் ஊறவிட்டு, மெழுகு இளகியதும் மரக்குச்சியால் நீக்கினால், நிறப்படலத்தில் கீறலும் விழாது.

பொதி கட்ட அவரே தேக்கா அருகில் ஒருவரிடம் அனுப்பினார். நாளிதழின் மை ஒட்டும் என்று அவர் வெள்ளை மெல்லிதழைத்தான் பயன்படுத்தினார். தாங்கியின் குழிவையும் குவளையின் உட்புறத்தையும் முதலில் நிரப்பி, ஒவ்வொன்றையும் தனித்தனியே சுற்றி, பெட்டிக்குள் பெட்டியாக வைத்து, இடைவெளி முழுவதும் தாளைத் திணித்தார். குலுக்கிப் பார்த்தபோது சத்தமே இல்லை. 18 வெள்ளி கேட்டார். முன்பு கூரியருக்குக் கொடுத்ததில் பாதிகூட இல்லை.

இரண்டும் கைப்பெட்டியில் பத்திரமாக பெர்த் வந்து சேர்ந்தன. தாங்கியின் அளவையும் அடிப்பாகத்தின் படத்தையும் ஜாலான் புசார் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.