வீல்சேர் நாகர்கோவிலிலா, ஆலப்புழையிலா?

அம்மாச்சியை ஆலப்புழை கெட்டுவள்ளத்துக்கு, அதாவது படகு வீட்டுக்கு, கூட்டிப் போவதென்றால் முதல் கேள்வி வீல்சேரை எங்கே வாடகைக்கு எடுப்பது என்பதுதான். நாகர்கோவில் சர்ஜிக்கல் கடையில் முன்பணம் கட்டி எடுத்தால் வீட்டிலேயே உட்கார வைத்து பிரேக், கால்தாங்கி எல்லாம் சரியா என்று பார்த்துவிடலாம், ஆனால் மடக்கினாலும் காரின் டிக்கியை அடைத்துக்கொள்ளும், மற்ற பெட்டிகளை மடியில்தான் வைக்க வேண்டும். ஆலப்புழையில் எடுத்தால் அந்தச் சுமை இல்லை. ஆனால் இங்கிருந்து போனில் பேசி, எந்த அளவு நாற்காலி வரும் என்று தெரியாமலே கிளம்ப வேண்டும்.

அளவுதான் இதில் பெரிய விஷயம். 18 அங்குல இருக்கை உள்ள சாதாரண நாற்காலியின் மொத்த அகலமே 24 முதல் 26 அங்குலம் வரும், அது படகின் படுக்கையறைக் கதவிலும் கழிப்பறைக் கதவிலும் நுழையுமா என்று படகுக்காரரிடம் டேப் வைத்து அளந்து போட்டோ அனுப்பச் சொல்லுங்கள், “எல்லாம் ஏறும் சேட்டா” என்ற பதிலை நம்ப வேண்டாம். கரைக்கும் படகுக்கும் நடுவே வெறும் பலகைதான் போடுவார்கள் என்றால் தூக்கிவிட இரண்டு ஆள் வேண்டும். மாடி உள்ள படகு வேண்டவே வேண்டாம்.

காரில் போகிறவர்களுக்கு என் ஓட்டு நாகர்கோவிலுக்குத்தான். ரயில் என்றால் ஆலப்புழையிலேயே எடுங்கள்.