ஹெட்போன் ஜாக்கில் இருந்தது பஞ்சு, அவர்கள் மாற்றியது போர்டு

ஹெட்போன் மாட்டியிருக்கும்போதே சத்தம் திடீரென்று ஸ்பீக்கருக்குத் தாவுகிறதா? போனை எந்த சர்வீஸ் கடையிலும் நீட்டுவதற்கு முன் டார்ச் அடித்து, ஹெட்போன் மாட்டும் ஓட்டைக்குள், அதாவது ஜாக்குக்குள், ஒருமுறை பாருங்கள். நான் பார்க்கவில்லை. அதனால் மூன்று முறை காசு கொடுத்தேன். போனில் இருந்த குறிப்புகள் எல்லாம் போயின. ஒழுங்காக இருந்த மைக்கும் சார்ஜிங்கும் கெட்டன. கடைசியில் தெரிந்த காரணத்தை ஒரு பல்குச்சியின் நுனியில் வைத்துக் காட்டிவிடலாம்.

ஆரம்பத்தில் எப்போதாவது ஒருமுறைதான் வந்தது. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும், போனைச் சட்டைப்பையில் போடும்போது டக்கென்று நின்றுவிடும். பாட்டுச் செயலிகள் இந்த விஷயத்தில் மரியாதையானவை. ஹெட்போன் கழன்றுவிட்டது என்று போன் சொன்னதும் பெரும்பாலும் தாமாகவே நின்றுவிடும். ஆனால் சில வீடியோ செயலிகளும் விளையாட்டுகளும் அப்படி இல்லை. கூட்டமான பேருந்தில் நான் பார்த்துக்கொண்டிருந்த வீடியோ முழுச் சத்தத்தில் ஸ்பீக்கரில் கத்தியபோது முன்சீட்டில் இருந்த நான்கு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஹெட்போன் காதில்தான் இருந்தது, ஒயர் முனையில் உள்ள பின்னும் ஜாக்கில்தான் இருந்தது.

சரி, ஹெட்போன்தான் போய்விட்டது என்று புதிதாக ஒன்று வாங்கினேன். அதிலும் அதே கதை. பழையதை இன்னொருவர் போனில் மாட்டினால் அருமையாகப் பாடியது. ஹெட்போன்மேல் தப்பில்லை என்று அங்கேயே தெரிந்துபோயிற்று. இன்னொரு தடயமும் கண்முன்னால் இருந்தது. பின்னை அழுத்திப் பிடித்தால் சரியாகிவிடும், விரலை எடுத்தால் மறுபடி தாவும். இது எதைக் காட்டுகிறது என்று அப்போது யோசித்திருந்தால் இந்தப் பதிவுக்கே வேலை இருந்திருக்காது.

கடைக்குப் போனேன். கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இதே மாதிரி கடை எல்லா இடத்திலும் உண்டு. அங்கிருந்தவர் போனை வாங்கினார், பின்னை ஒருமுறை மாட்டிக் கழற்றினார், திருப்பிப் பார்த்தார். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது.

"சாஃப்ட்வேர் பிரச்சினை சார். ரீசெட் போட்டா சரியாயிடும்."

"டேட்டா எல்லாம் போயிடுமா?"

"போட்டோவெல்லாம் கிளவுட்ல இருக்கும் சார், ஒண்ணும் ஆகாது."

போட்டோக்கள் இருந்தன, உண்மைதான். நான் தட்டிவைத்திருந்த குறிப்புகளும், ஒரு செயலியில் பதிவுசெய்த குரல்களும் எந்தக் கிளவுடிலும் இல்லை. ஃபேக்டரி ரீசெட் என்றால் போனின் உள்நினைவை மொத்தமாகத் துடைப்பது. ஹெட்போன் ஜாக் தகராறுக்கு அது கடைசி மருந்தாகக்கூட இருக்க வேண்டியதில்லை. மென்பொருள்மேல் சந்தேகம் என்றால் ஆண்ட்ராய்டில் சேஃப் மோடு இருக்கிறது. அதில் போனைத் திறந்தால் நாம் பின்னால் நிறுவிய செயலிகள் எதுவும் ஓடாது. அதிலும் சத்தம் தாவினால், ஏதோ ஒரு செயலி செய்யும் கோளாறு இல்லை என்று தெரிந்துவிடும். ஒரு பைட்டுகூட அழியாது. இதை அவர் செய்யவில்லை, எனக்கோ அப்போது தெரியாது.

இரண்டே நாளில் பிரச்சினை திரும்பி வந்தது. நானும் திரும்பிப் போனேன். இந்த முறை குரலை இறக்கி, துக்கச் செய்தி சொல்வதுபோலச் சொன்னார்: "போர்டுல ஆடியோ ஐசி வீக் ஆயிருக்கு சார். அப்படியே விட்டா போனே டெட் ஆயிடும்." ஐசி என்றால் சத்தத்தைக் கவனிக்கும் சில்லு என்று மட்டும் புரிந்தது, பயந்துவிட்டேன். போனை விட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள், திரைப் பூட்டின் எண்ணையும் கேட்டார்கள். யோசிக்காமல் சொல்லிவிட்டேன். ஒரு ஜாக்கை மாற்ற என் பூட்டு எண் எதற்கு என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றியது. இதற்கென்றே சாம்சங் 2022-லும், கூகுள் தன் பிக்ஸல் போன்களுக்கு 2023 இறுதியிலும் ஒரு ஏற்பாட்டைக் கொண்டுவந்தன. அதைப் போட்டுக் கொடுத்தால் பழுதுபார்ப்பவர் போனைச் சோதிக்கலாம், நம் படங்களையும் செய்திகளையும் திறக்க முடியாது. உங்கள் போனின் அமைப்புகளில் மெயின்டனன்ஸ் மோடு அல்லது ரிப்பேர் மோடு என்று இருக்கிறதா என்று இன்றே தேடி வையுங்கள்.

மறுநாள் போன் வந்தது. ஜாக் வேலை செய்தது. கிளம்பும்போது என்ன தோன்றியதோ, "கழட்டுன பார்ட்டைக் குடுங்க" என்று கேட்டேன். முகம் சுருங்கியது. உள்ளே போய்ச் சிறிது நேரம் கழித்து, ஜிப் வைத்த சின்ன பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தார். இந்த விவகாரம் முழுவதிலும் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான். பில்லில் "சர்வீஸ்" என்ற ஒரு சொல்லைத் தவிர வேறெதுவும் இல்லை. என்ன பாகம், ஒரிஜினலா, எத்தனை நாள் உத்தரவாதம் என்று ஒரு வரியும் கிடையாது.

அப்புறம்தான் வேடிக்கை ஆரம்பித்தது. சார்ஜ் ஏறுவதற்கு முன்பைவிட இரண்டு மடங்கு நேரம் ஆனது. அழைப்பில் எதிர்முனையில் இருப்பவர்கள் "கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கு" என்றார்கள். மூன்று வாரத்தில் ஸ்பீக்கர் தாவலும் திரும்பி வந்தது. மூன்றாம் முறை போனபோது ஒரு செயலியை நிறுவிக் கொடுத்தார்கள், அதற்கும் காசு. சத்தத்தை எப்போதும் ஹெட்போன் பக்கமே தள்ளுகிற செயலி அது. பலன் என்ன தெரியுமா? ஹெட்போனைக் கழற்றிய பிறகும் ஸ்பீக்கர் வாயைத் திறக்கவில்லை. அழைப்பு மணி கேட்காமல் அன்று மட்டும் ஏழு அழைப்புகளைத் தவறவிட்டேன். வலி தெரியாமல் இருக்க நாக்கைக் கட்டிவிட்டார்கள்.

பொழுதுபோக்காக மின்னணுச் சாதனங்களைப் பிரித்து மாட்டும் நண்பர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் முதலிலேயே போயிருக்க வேண்டும், வெட்கம் தடுத்தது. அவர் போனைத் தொடவே இல்லை. உறையில் இருந்த பழைய போர்டைக் கையில் எடுத்துப் பார்த்ததும் சிரித்தார். "ஆடியோ ஐசி மாத்துனோம்னு சொன்னாங்களா? இதுல ஆடியோ ஐசியே கிடையாது."

என் போனில் ஜாக்கும் சார்ஜிங் துளையும் கீழ் மைக்கும் ஒரே குட்டி போர்டில் இருக்கின்றன. சப் போர்டு என்பார்கள். ஒரு பட்டைக் கேபிள் அதைப் பெரிய போர்டோடு இணைக்கிறது. நிறைய போன்களில் இதே அமைப்புதான், சிலவற்றில் ஜாக் மட்டும் தனியாகவோ பெரிய போர்டிலேயோ இருக்கும். ஆக, ஐசி என்று சொல்லி அவர்கள் மாற்றியது சப் போர்டை. போட்டது ஒரு டூப்ளிகேட். மைக்கும் சார்ஜிங்கும் ஏன் கெட்டன, தாவல் ஏன் திரும்பி வந்தது என்பதற்கும் அதுவே பதில்.

அதன் பிறகு அந்தப் பழைய ஜாக்குக்குள் டார்ச் அடித்தார். அடியில் சாம்பல் நிறத்தில் ஏதோ பாய் விரித்தாற்போல் இருந்தது. பல்குச்சியின் நுனியைக் கத்தியால் சீவி, ஓட்டையின் சுவரை ஒட்டி உள்ளே விட்டு மெல்லச் சுழற்றி வெளியே இழுத்தார். சட்டைப்பை பஞ்சு. மூன்று நான்கு முறை இழுத்ததும் மேசையில் ஒரு மிளகளவு சேர்ந்துவிட்டது. மாதக்கணக்கில் சட்டைப்பையில் விழுந்த நூல்துகளை நானே ஒவ்வொரு முறை பின்னைக் குத்தும்போதும் உலக்கை மாதிரி இடித்து இடித்து அடியில் தட்டையாக்கியிருக்கிறேன்.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். ஹெட்போன் பின்னின் விட்டம் 3.5 மில்லிமீட்டர், நீளம் சுமார் 14 மில்லிமீட்டர். மைக் வைத்த ஹெட்போன் என்றால் அதில் மூன்று வளையக் கோடுகள் இருக்கும், அவை பின்னை நான்கு பகுதிகளாகப் பிரிக்கின்றன. நுனி இடது காதுக்கு, அடுத்தது வலது காதுக்கு, மற்ற இரண்டும் கிரவுண்டும் (மின்சாரம் திரும்பிப் போகும் பொதுப்பாதை) மைக்கும். ஜாக்குக்குள் இவை ஒவ்வொன்றையும் தொட ஒரு ஸ்பிரிங் தகடு உண்டு. இவை போக, பின் வந்துவிட்டதா என்று போனுக்குச் சொல்ல மட்டும் இன்னொரு தகடு உண்டு. பல ஜாக்குகளில் அது ஆழத்தில், நுனி போய் உட்காரும் இடத்தில் இருக்கிறது. அடியில் பஞ்சு இருந்தால் பின் அரை மில்லிமீட்டர் முன்னாலேயே நின்றுவிடும். பாட்டு கேட்கிற அளவுக்குத் தொடர்பு இருக்கும், ஆனால் அந்தக் காவல்காரத் தகடு தொட்டும் தொடாமலும் ஊசலாடும். போனை அசைத்தால் "ஆள் போயாச்சு" என்று அது தகவல் அனுப்பும், போன் உடனே ஸ்பீக்கரைத் திறந்துவிடும். நான் விரலால் அழுத்தியபோது ஏன் சரியானது என்பது இப்போது புரிந்திருக்கும்.

மின்தொடர்பை அளந்து பார்க்கும் மல்டிமீட்டரை அந்தத் தகட்டில் வைத்துக் காட்டினார். சுத்தம் செய்யுமுன் பின்னை ஆட்டினால் முள் துள்ளியது என்று முதலிலேயே பார்த்து வைத்திருந்தோம். பஞ்சை எடுத்த பிறகு எவ்வளவு ஆட்டினாலும் அசையவில்லை. பின் உள்ளே போகும்போது "க்ளிக்" என்று ஒரு சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தைப் பல மாதங்களாகக் கேட்கவில்லை என்பது கேட்ட பிறகுதான் உறைத்தது.

வீட்டில் நீங்களே கண்டுபிடிக்க எளிய வழி, திரையின் மேல்பட்டையில் வரும் ஹெட்போன் சின்னம். எல்லா போனிலும் அது காட்டாது, காட்டினால் நல்லது. பின்னை மெல்ல அசைக்கும்போது சின்னம் வந்து வந்து போனால் ஜாக்கைச் சந்தேகப்படுங்கள். சின்னம் அப்படியே இருக்க ஒரு காதில் மட்டும் சத்தம் போனால் பெரும்பாலும் ஹெட்போன் ஒயர்தான். பின் முழுக்க உள்ளே போய் அதன் தோள் போனில் ஒட்டுகிறதா, நடுவே பளபளவென்று உலோகம் தெரிகிறதா என்றும் பாருங்கள். தடித்த உறை போட்டிருந்தால் அதைக் கழற்றிவிட்டு ஒருமுறை மாட்டிப் பாருங்கள், உறையே பின்னைத் தடுக்கும். புளூடூத்தை அணைத்துவிட்டுச் சோதிப்பதும் நல்லது. பக்கத்து அறையில் கிடக்கும் ஸ்பீக்கர் சத்தத்தை இழுத்துக்கொண்டிருக்கலாம்.

சத்தம் ஸ்பீக்கருக்குத் தாவாமல், பாட்டு தானாக நின்று ஓடுகிறது, வால்யூம் ஏறுகிறது, குரல் உதவியாளர் கூப்பிடாமலே வருகிறது என்றால் அது வேறு வியாதி. ஹெட்போன் ஒயரில் உள்ள பொத்தான்கள் மைக்குக்கும் கிரவுண்டுக்கும் இடையே வெவ்வேறு மின்தடையைக் கொடுத்துப் பேசுகின்றன. ஆண்ட்ராய்டு வரையறையில் 0 ஓம் என்றால் நிறுத்து அல்லது ஓட்டு, 240 என்றால் சத்தம் கூட்டு, 470 என்றால் குறை, 135 என்றால் குரல் உதவியாளர். ஜாக்குக்குள் ஈரமோ வியர்வை உப்போ அந்த இரண்டு தகடுகளுக்கு இடையே பாலம் போட்டால், யாரோ பொத்தானை அழுத்துவதாகப் போன் நினைத்துக்கொள்ளும். பாட்டில் பாடுபவர் குரல் மட்டும் காணாமல் போய், மைக் பொத்தானை அழுத்திப் பிடித்தால் சரியாகிறது என்றால் பழுது எதுவுமே இல்லை. சில பழைய ஹெட்போன்களில் மைக்கும் கிரவுண்டும் இடம் மாறி இருக்கும், அவ்வளவுதான்.

சுத்தம் செய்யப் போனால் முதலில் போனை அணையுங்கள். ஊசி, சேஃப்டி பின், சிம் ஊசி எதுவும் வேண்டாம். உள்ளே இருக்கும் தகடுகள் மெல்லியவை, ஒருமுறை வளைந்தால் அப்புறம் நிஜமாகவே ஜாக் மாற்ற வேண்டிவரும். குச்சியை நேராகக் குத்தினால் பஞ்சு இன்னும் இறுகும், சுவரை ஒட்டி விட்டுத் தோண்டி எடுக்க வேண்டும். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் போகும். விடாப்பிடியான அழுக்குக்கு 90 சதவீதத்துக்குமேல் உள்ள ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த மெல்லிய பஞ்சுக்குச்சி போதும், நன்றாகக் காயும்வரை போனைத் திறக்கக் கூடாது. இத்தனைக்கும் மசியவில்லை என்றால் கடைக்குப் போகலாம். "முதல்ல ஜாக்கை கிளீன் பண்ணிப் பாருங்க, நான் இங்கயே நிக்கறேன்" என்று சொல்லுங்கள். நேர்மையான கடைக்காரர் அதைத்தான் முதலில் செய்வார், அப்படிப்பட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். கண்முன்னால் செய்ய மாட்டேன் என்று உள்ளறைக்குப் போனைக் கொண்டுபோகிறவரிடம் இருந்து அதைத் திரும்ப வாங்கிக்கொள்வது நல்லது.

பழைய போர்டையும் பஞ்சையும் எடுத்துக்கொண்டு அந்தக் கடைக்கு நான்காம் முறை போனேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை. "அப்ப பஞ்சு இருந்திருக்காது சார், நீங்க வீட்ல வெச்சிருந்தப்ப விழுந்திருக்கும்." ஜிப் போட்டு மூடிய உறைக்குள், அதுவும் பின் குத்தாமலே இறுகிய பஞ்சு! பில்லில் "சர்வீஸ்" என்றுதானே இருக்கிறது, சர்வீஸ் செய்தோமே என்றார். பணம் திரும்பவில்லை.

நண்பர் பழைய போர்டையே போனில் திரும்ப மாட்டிக் கொடுத்தார். சார்ஜ் பழையபடி ஏறுகிறது, கிணற்றிலிருந்தும் மீண்டுவிட்டேன். அந்தச் செயலியையும் நீக்கியாயிற்று. பின்மூடியின் ஒரு மூலை மட்டும், கடையில் பிரித்ததில் பசை போய், நகத்தை விட்டால் தூக்கிக்கொள்கிறது. நீர் புகாமல் தடுக்கிற பசை அது என்பதால் மழையில் போனை வெளியே எடுப்பதில்லை.