வன்னி வெயிலுக்கு எந்த வர்ணம்: அக்ரிலிக்கா, நீர்வர்ணமா?

ஓகஸ்ட் விடுமுறைக்கு ஒட்டுசுட்டானில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போகும்போது இரண்டு தடவை வர்ணமும் தூரிகையும் கொண்டுபோயிருக்கிறேன். முதல் தடவை நீர்வர்ணம், இரண்டாம் தடவை அக்ரிலிக். அடுத்த பயணத்துக்கும் அக்ரிலிக் ரியூப்கள்தான் எடுத்து வைத்திருக்கிறேன்.

பாரம், இடம் என்று பார்த்தால் நீர்வர்ணத்தோடு போட்டியே இல்லை. 12 கட்டிகள் உள்ள பெட்டி சட்டைப்பைக்குள் அடங்கிவிடும். அக்ரிலிக்குக்கு ரியூப், தட்டு, தண்ணீர்ப் போத்தல், பழந்துணி என்று தனிப் பையே வேண்டும். எண்ணெய் வர்ணத்தை நான் யோசிக்கவில்லை. டேர்பன்டைன் தீப்பற்றும் சாமான், விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள். படமும் நான் திரும்பும் நாள்வரை காயாது.

எல்லாம் காய்வதில்தான் நிற்கிறது. ஓகஸ்டில் வன்னிக்குள் சோளகம் அடிக்கத் தொடங்கினால் உடுப்புக்கொடியில் போட்ட சாரம் அரை மணித்தியாலத்தில் மொறுமொறுவென்று ஆகிவிடும். அந்தக் காற்றில் நீர்வர்ணத்தால் வானம் பூசிப் பாருங்கள். நீலம் மேலிருந்து கீழே வந்து சேர முதலே பாதி காய்ந்து, நடு வானத்தில் கோடு விழுந்துவிடும். அதை அழிக்கப் போனால் தாள்தான் பிய்யும். என்னுடைய முதல் வருட வானங்கள் முக்கால்வாசியும் அப்படித்தான்.

அக்ரிலிக் அதைவிட மோசம் என்று பலர் சொல்வார்கள். தட்டில் வைத்த வர்ணம் பத்து நிமிடத்தில் தோல் கட்டிவிடும் என்பது உண்மைதான். அதில் நிறத்தைப் பிடித்து வைத்திருப்பது பிளாஸ்டிக் பிசின். தண்ணீர் ஆவியாகப் போனதும் அது ஒட்டிப் படலமாகிவிடும், பிறகு எத்தனை தண்ணீர் விட்டாலும் கரையாது. ஆனால் தட்டில் இடைஞ்சலாக இருக்கும் அதே குணம்தான் படத்தில் கைகொடுக்கிறது. முத்தையன்கட்டுக் குளக்கட்டில் ஒரு காலை, மரநிழல் விழுந்த தண்ணீரைக் கரும்பச்சையாகப் பூசி முடித்த பிறகு ஒரு வெள்ளைக் கொக்கு வந்து நின்றது. நீர்வர்ணம் என்றால் அந்த இடத்தைத் தாளில் முதலே வெள்ளையாக விட்டிருக்க வேண்டும். கொக்கு வரும் என்று யார் கண்டது? இங்கே ஐந்து நிமிடம் பொறுத்து, டைட்டானியம் வெள்ளையை நுனித்தூரிகையில் தொட்டு மூன்று இழுப்பு, முடிந்தது. கீழே இருந்த பச்சை கொஞ்சமும் கலங்கவில்லை.

தட்டுக்கு நான் கண்ட வழி இது. மூடியுள்ள சாப்பாட்டுப் பெட்டியில் ஸ்பொஞ் துணியை நனைத்துப் பிழிந்து விரித்து, அதன்மேல் கேக் சுடும்போது தட்டில் போடும் தாளை வெட்டிப் போட வேண்டும். வர்ணத்தைத் தாளின்மேல் வைத்தால் அடியிலிருந்து ஈரம் ஊறிக்கொண்டே இருக்கும். மூடி வைத்தால் அடுத்த நாளும் பாவிக்கலாம். அதற்கும் மேலே வைத்திருந்தால் மணக்கத் தொடங்கிவிடுகிறது.

தூரிகைதான் உண்மையான செலவு. ஒரு பின்னேரம் அக்கா தேத்தண்ணிக்குக் கூப்பிட, அப்படியே வைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது நல்ல தட்டைத் தூரிகை ஒன்று தடியாகிக் கிடந்தது. நைலோன் மயிர்த் தூரிகையாக வாங்கி, கையில் இல்லாதபோது தண்ணீரிலேயே போட்டு வையுங்கள். கழுவின தண்ணீரை வாழையடியில் ஊற்றப் போய் அக்காவிடம் ஏச்சு வாங்கினதும் உண்டு. "பிளாஸ்டிக்கையோ வாழைக்கு ஊத்துறாய்?" என்றா. அவ சொன்னதுதான் சரி. இப்போது பழைய பால்மா ரின் ஒன்றில் விட்டுத் தெளிய வைத்து, மண்டியைக் காயவிட்டுக் குப்பையில் போடுகிறேன்.

இன்னொன்று, படங்களை முகத்தோடு முகம் அடுக்காதீர்கள். காய்ந்த அக்ரிலிக்கும் சூட்டில் இளகிப் பிசுபிசுக்கும். பெட்டிக்குள் அப்படி ஒட்டிப்போன இரண்டு படங்களைப் பிரித்தபோது ஒன்றின் பனைமரம் மற்றதின் வானத்தில் இருந்தது. தட்டுக்குக் கொண்டுபோகும் அதே கேக் தாளை இடையில் போட்டால் போதும்.

நிறம் சுருக்கமாக: நீர்வர்ணம் காய்ந்தால் வெளுக்கும், அக்ரிலிக் காய்ந்தால் கொஞ்சம் கறுக்கும். வெப்பநாட்டுக் காட்சி என்றதும் ரியூப் பச்சையைப் பிதுக்காதீர்கள். ஓகஸ்டில் வன்னி பச்சையில்லை. யெலோ ஓக்கர் என்ற மண்மஞ்சளோடு துளி கறுப்புச் சேர்த்தால் வரும் மங்கல் பச்சைதான் பனையோலைக்குப் பொருந்தும். செம்மண் ஒழுங்கைக்குப் பேர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு.

கடற்கரைப் பக்கம் நான் அதிகம் வரைந்ததில்லை. கடைசிப் போர் நடந்த நந்திக்கடலை வெறும் காட்சியாக வரைய எனக்குக் கை வருவதில்லை, அது வேறு கதை. உப்புக்காற்றும் பறக்கிற மணலும் அரைகுறையாகக் காய்ந்த அக்ரிலிக்கில் என்ன செய்யும் என்று கேட்டால் அனுபவம் இல்லை. மாரி மழைக்கும் அதே பதில்தான். கார்த்திகை, மார்கழியில் காற்றே ஈரமாக இருக்கும்போது நீர்வர்ண வானம் ஆறுதலாகக் காயும், கோடு விழாது என்று நினைக்கிறேன். அந்த மாதங்களில் லீவு கிடைத்தால் சின்னப் பெட்டியைத்தான் முதலில் எடுப்பேன்.