கிராக்கோவ் போகிறவர்களுக்கு: அவுஷ்விட்ஸ் டிக்கெட்டைத் தெருவில் வாங்காதீர்கள்

அப்பா அம்மாவை ஐரோப்பாவுக்கு அழைத்துப் போய், அப்படியே போலந்தையும் காட்டிவிடலாம் என்று நினைப்பவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். கிராக்கோவில் எங்களிடம் பறிபோனது 1,260 ஸ்லோட்டி, அதுதான் போலந்துப் பணம். நம்மூர்க் கணக்கில் 25,000 ரூபாய்க்கு மேல். பணத்தை விடுங்கள், திரும்பச் சம்பாதித்துக்கொள்ளலாம். எழுபது வயது மனிதர் மழையில் ஒரு வாகன நிறுத்துமிடத்தில் மூன்றரை மணி நேரம் நின்றதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அப்பா கும்பகோணத்தில் 31 வருடம் வரலாறு நடத்தியவர். நான் ஜெர்மனியில் வேலை பார்க்கிறேன். "எங்கேப்பா போகணும்?" என்று கேட்டபோது பாரிஸ், சுவிட்சர்லாந்து எதையும் அவர் சொல்லவில்லை. "அவுஷ்விட்ஸ் பக்கமாம்மா?" என்றுதான் கேட்டார். இரண்டாம் உலகப்போர் பாடத்தை வருடா வருடம் பத்தாம் வகுப்புக்கு நடத்தியவர். ஹிட்லரின் நாஜிகள் போலந்தில் நடத்திய வதை முகாம் அது. கரும்பலகையில் எழுதி எழுதிப் பழகிய அந்தப் பெயரை நேரில் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை.

கிராக்கோவ் போய்ச் சேர்ந்த அன்று சாயங்காலம் ரினெக் சதுக்கத்தில் நின்றுகொண்டிருந்தோம். 1257-இல் அளவெடுத்துப் போட்ட சதுக்கம், ஒரு பக்கமே ஏறக்குறைய 200 மீட்டர். நடுவில் பழைய துணி மண்டபம், ஓரத்தில் மரியன்னை தேவாலயம். மணிக்கொருமுறை அந்தக் கோபுரத்திலிருந்து எக்காளம் ஊதுவார்கள், பாதியில் சட்டென்று நின்றுவிடும். மங்கோலியப் படையெடுப்பில் காவல்காரன் தொண்டையில் அம்பு பாய்ந்ததால் அப்படி என்று ஒரு கதை உண்டு. அப்பா அம்மாவுக்கு அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் மூவரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் அவன் வந்தான்.

கையில் படம் போட்ட அட்டை. நல்ல ஆங்கிலம். "அவுஷ்விட்ஸும் வியலிச்கா உப்புச் சுரங்கமும் ஒரே நாளில். ஆன்லைனில் எல்லாம் தீர்ந்துவிட்டது, எங்களிடம் மட்டும் நாளைக்கு மூன்று இடம் இருக்கிறது." ஆளுக்கு 420 ஸ்லோட்டி. ஆன்லைனில் தீர்ந்துபோனது உண்மைதான், நான் முந்தின வாரமே பார்த்திருந்தேன். அதனால்தான் நம்பினேன். அம்மாவுக்கு முழங்கால் வலி என்றேன். "சுரங்கத்தில் லிஃப்ட் இருக்கிறது, கவலைப்படாதீர்கள்" என்றான். கார்டு வாங்க மாட்டானாம், ரொக்கம்தான். பக்கத்திலிருந்த ஏடிஎம்மையும் அவனே காட்டினான்.

அந்த ஏடிஎம்மிலும் ஓர் அடி. போலந்தில் யூரோ கிடையாது. என் கார்டு ஜெர்மன் கார்டு என்று தெரிந்ததும், "உங்கள் பணத்திலேயே கணக்கிட்டுத் தரவா?" என்று திரை கேட்டது. அவசரத்தில் சரி என்று அழுத்திவிட்டேன். அந்த இயந்திரம் வைக்கும் மாற்று விகிதம் நம் வங்கி தருவதைவிட மோசமாக இருக்கும். எப்போதும் "மாற்ற வேண்டாம்" என்பதை அழுத்தி, ஸ்லோட்டியிலேயே கழிக்கச் சொல்லுங்கள். கடையில் கார்டு தேய்க்கும்போதும் அப்படியே.

காசை எண்ணி வாங்கிக்கொண்டு ஒரு வாட்ஸ்அப் எண் எழுதிய சீட்டைக் கொடுத்தான். காலை ஆறரைக்கு வேன் வரும் என்றான். எங்கள் பெயரை அவன் கேட்கவே இல்லை. அங்கேயே நான் விழித்துக்கொண்டிருக்க வேண்டும்.

அவுஷ்விட்ஸ் நினைவிடத்துக்குள் நுழையக் கட்டணம் கிடையாது. வழிகாட்டியோடு போனால் அதற்கு மட்டும்தான் பணம். ஆனால் நுழைவுச் சீட்டு ஒவ்வொன்றும் பெயர் போட்டது, வாசலில் அடையாள அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். பெயரைக் கேட்காமல் ஒருவர் அந்த டிக்கெட்டை விற்கவே முடியாது. இது தெரிந்திருந்தால் எங்களுக்கு இந்தக் கதையே இல்லை.

காலையில் வேன் வந்தது. உள்ளே வேறு நான்கு பேர், அவர்கள் வேறு எங்கோ முறையாகப் பதிவு செய்தவர்கள். ஒன்றரை மணி நேரப் பயணம். இறங்கியதும் டிரைவர் எங்களிடம் மூன்று தாள்களைக் கொடுத்தார். என் கையில் இருந்ததில் ஓர் ஆணின் பெயர். அப்பாவுடையதிலும் அம்மாவுடையதிலும் வேறு யாரோ. பாஸ்போர்ட்டை நீட்டினோம். வாசலில் இருந்த பெண் தாளையும் பாஸ்போர்ட்டையும் இரண்டு முறை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, கோபமே இல்லாமல், திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை.

அந்த நால்வரும் உள்ளே போனார்கள். டிரைவர் யார் யாருக்கோ போன் போட்டார். வாட்ஸ்அப் எண்ணில் மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பாரில்லை. சுற்றிக்காட்ட மூன்றரை மணி நேரம் ஆகும், அவர்கள் வந்தால்தான் வேன் கிளம்பும். மழை தூற ஆரம்பித்தது. "வேன்ல உக்காருங்கப்பா" என்றேன். "நீ அம்மாவப் பாத்துக்கம்மா" என்று சொல்லிவிட்டு, குடையைப் பிடித்துக்கொண்டு அந்தக் கட்டடத்தையே பார்த்தபடி நின்றார். பதினொரு லட்சம் பேர் கொல்லப்பட்ட இடம் அது, அதில் சுமார் பத்து லட்சம் பேர் யூதர்கள். அந்த எண்ணிக்கையைத் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்குச் சொன்ன மனிதரை வாசல்வரை கூட்டிவந்து நிறுத்திவிட்டேனே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

உப்புச் சுரங்கத்துக்கு டிக்கெட் இருந்தது, அதில் பெயர்ப் பிரச்சினை வரவில்லை. ஆனால் லிஃப்ட் மேலே வருவதற்குத்தான். வழக்கமான பாதையில் இறங்குவது மரப்படிகளில். முதல் தளம் 64 மீட்டர் ஆழத்தில், அதற்கே ஏறக்குறைய 380 படி. மொத்தப் பாதையில் 800 படி. முழங்கால் வலி என்று சொன்னவளிடம் லிஃப்ட் இருக்கிறது என்று பாதியை மட்டும் சொல்லி விற்றிருக்கிறான். நான் அம்மாவோடு மேலேயே இருந்துவிட்டேன். அப்பா மட்டும் போய்வந்தார். 101 மீட்டர் ஆழத்தில் உப்பிலேயே குடைந்த தேவாலயம், உப்புப் படிகங்களில் சரவிளக்கு, சுவரில் உப்பில் செதுக்கிய கடைசி இராவுணவு என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டே வந்தார். "செவத்த நக்கிப் பாத்தேன், உப்புதான்" என்றார். அன்றைக்கு அவர் சிரித்தது அந்த ஒருமுறைதான்.

இந்த இரண்டையும் ஒரே நாளில் வைப்பதே பெரியவர்களுக்கு ஆகாத காரியம் என்று இப்போது தோன்றுகிறது. கிராக்கோவ் ரயில் நிலையத்திலிருந்து வியலிச்காவுக்கு அரை மணி நேரத்துக்குள் ரயிலில் போய்விடலாம், அதற்குத் தனியாக ஒரு அரை நாள் போதும். அவுஷ்விட்ஸுக்கு ஒரு முழு நாளை ஒதுக்குங்கள், அதே நாளில் வேறு எதையும் வைக்காதீர்கள்.

சாயங்காலம் சதுக்கத்துக்குப் போய்த் தேடினேன். அட்டையோடு நிறைய பேர் நின்றார்கள், அவன் இல்லை. காவல் நிலையத்தில் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். ரொக்கமாகக் கொடுத்தது, ரசீது கிடையாது, அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. தங்கியிருந்த இடத்தில் வரவேற்பில் இருந்த பெண்தான், "பாரகோன் கேட்டீர்களா?" என்றாள். பாரகோன் என்றால் பில். அங்கே முறையாக வியாபாரம் செய்கிறவர் அதைக் கொடுத்தாக வேண்டும். கேட்டதும் பின்வாங்கினால் நடையைக் கட்டுங்கள். ஒழுங்கான சுற்றுலா நிறுவனங்களும் நிறைய இருக்கின்றன. அவர்கள் முதலில் கேட்பதே பாஸ்போர்ட்டில் உள்ள பெயரைத்தான்.

அந்தப் பெண்தான் நினைவிடத்தின் சொந்த முன்பதிவுத் தளத்தைத் திறந்து காட்டினாள். விசிட் டாட் அவுஷ்விட்ஸ் டாட் ஓஆர்ஜி. தேடினால் இதே போலத் தோற்றமளிக்கும் இடைத்தரகர் தளங்களும் வரும், முகவரியை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். வாரங்களுக்கு முன்பே பதிவு செய்வதுதான் நல்லது. எங்களுக்கு ராத்திரி பன்னிரண்டு மணிக்கு, யாரோ ரத்து செய்த இரண்டு இடங்கள் கிடைத்தன. "எனக்குக் காலு முடியாது, நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க" என்றார் அம்மா. பயணத்தை இரண்டு நாள் நீட்டினோம். பஸ் கட்டணம், வழிகாட்டி எல்லாம் சேர்த்தும் தெருவில் ஆளுக்குக் கொடுத்ததில் பாதிகூட ஆகவில்லை.

போகும்போது பெரிய கைப்பை வேண்டாம், குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருந்தால் உள்ளே விடமாட்டார்கள். முதல் முகாமிலிருந்து இரண்டாவது முகாமான பிர்கெனாவுக்கு மூன்று கிலோமீட்டருக்கு மேல், அதற்கு இலவசப் பேருந்து உண்டு. பிர்கெனாவில் நடை அதிகம், வெட்டவெளி.

நம்மவர்களுக்கு இன்னொரு விஷயம். பதிவு செய்யும்போது இன்ஷியல் போட்டு எழுதிவிடாதீர்கள். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் எப்படி விரிந்திருக்கிறதோ அப்படியே நிரப்புங்கள். அன்று ராத்திரி அப்பா என் பக்கத்தில் உட்கார்ந்து, பாஸ்போர்ட்டை விளக்குக்குக் கீழே பிடித்து, தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். மூன்று முறை சரிபார்த்தார்.

அப்பாவும் நானும் உள்ளே போனோம். முதல் முகாமின் ஐந்தாவது கட்டடத்தில் கண்ணாடிக்குப் பின்னால் கைதிகளின் பெட்டிகளைக் குவித்து வைத்திருக்கிறார்கள். திரும்ப வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று நம்பி, அவரவர் பெட்டிமேல் அவரவர் பெயரைப் பெரிதாக எழுதியிருக்கிறார்கள். குழு நகர்ந்துவிட்டது. அப்பா நகரவில்லை. கண்ணாடியை ஒட்டி நின்று, வாய்க்குள்ளேயே, ஒவ்வொரு பெயராக எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார். வழிகாட்டி திரும்பி வந்து பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் அவர் முடிக்கும்வரை காத்திருந்தார்.