பணமா, படுக்கையா, பஸ் டிக்கெட்டா? குழந்தையின் சிகிச்சைக்கு எந்த உதவியை முதலில் கேட்பது

மருத்துவமனையில் எஸ்டிமேட் எழுதிக் கொடுத்த அன்றே பெற்றோர் ஒரு காரியம் செய்வார்கள். கண்ணில் படுகிற அறக்கட்டளைகளுக்கெல்லாம் ஒரே கடிதத்தை அனுப்பிவிட்டுக் காத்திருப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். குழந்தை உள்ளே படுத்திருக்கும்போது யாருக்கு நிதானம் வரும்? ஆனால் ஒவ்வொரு உதவிக்கும் ஒரு குணம் உண்டு. ஒன்று பணமாக வரும், இன்னொன்று சிகிச்சையாகவே வரும், வேறொன்று தங்க ஓர் அறையாக வரும். சிலவற்றைச் சிகிச்சை தொடங்கும் முன் கேட்டால்தான் கிடைக்கும். சிலவற்றை எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம், எவ்வளவு வரும் என்பதை மட்டும் யாராலும் சொல்ல முடியாது. இது தெரியாமல் போய்க் கதவைத் தட்டினால், கிடைக்க வேண்டிய உதவிகூடக் கை நழுவிப் போகும்.

இவற்றை அருகருகே வைத்துப் பார்க்கும்போது தொகை எவ்வளவு என்பதை நான் கடைசியில்தான் பார்ப்பேன். முதலில் மூன்று விஷயங்கள். பணம் பில்லுக்கு முன்னால் வருகிறதா, பின்னால் வருகிறதா? எந்தச் செலவை ஏற்கிறது, எதை நம் தலையில் விட்டுவிடுகிறது? அதைப் பெறுவதற்காகக் குடும்பம் எதைக் கொடுக்க வேண்டியிருக்கிறது? இந்த மூன்றாவது கேள்வி பலருக்குத் தோன்றுவதே இல்லை.

உதவித்தொகை

அறக்கட்டளை என்றதும் நம் மனதில் வருவது இதுதான். விண்ணப்பம், வருமானச் சான்று, மருத்துவரின் கடிதம், அப்புறம் ஒரு குழுவின் முடிவு. இதன் இயல்பைப் புரிந்துகொள்ள அமெரிக்காவில் 1999-இல் தொடங்கிய யுனைடெட் ஹெல்த்கேர் சில்ட்ரன்ஸ் ஃபவுண்டேஷனைப் பார்க்கலாம். 16 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு ஒரு முறைக்கு 5,000 டாலர் வரை, வாழ்நாளில் மொத்தம் 10,000 டாலர் வரை தருவது என்று வரம்பு வைத்தார்கள். குழந்தைக்குத் தனியார் மருத்துவக் காப்பீடு ஏற்கெனவே இருக்க வேண்டும் என்பதும் நிபந்தனை. காப்பீடு இருப்பவருக்கு எதற்கு உதவி என்று முதலில் எனக்கும் விளங்கவில்லை. யோசித்தால் தெரியும்: அந்த உதவி காப்பீடு கைவிட்ட மிச்சத்துக்கானது. பேச்சுப் பயிற்சி, பிசியோதெரபி, காது கேட்கும் கருவி, சக்கர நாற்காலி மாதிரியான செலவுகளில் காப்பீடு பாதியில் நின்றுவிடும். குழந்தையின் தேவை நிற்காது.

இப்படிப்பட்ட நீண்ட, மெதுவான செலவுகளுக்கு உதவித்தொகையை விடப் பொருத்தமான வழி இல்லை. அவசரத்துக்கு இது உதவாது. குழு கூடி முடிவெடுக்க வாரங்கள் ஆகும், ஐசியூ கட்டணமோ நாள் கணக்கில் ஏறும். பழைய பில்லை ஏற்பதிலும் பெரும்பாலான அறக்கட்டளைகள் கறாராக இருக்கும். கடன் வாங்கி முதலில் கட்டிவிட்டு, பிறகு விண்ணப்பித்து வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்த குடும்பங்கள் இங்கேதான் தடுக்கி விழுகின்றன. பணம் பொதுவாக நம் கைக்கு வராது, மருத்துவமனைக்கோ கருவி விற்பவருக்கோ நேராகப் போகும். அதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை, ஆனால் அந்தப் பணத்தை நம்பி வீட்டு வாடகையைத் தள்ளிப்போடக் கூடாது.

பிரிட்டனில் இதற்கு நேர் எதிரான ஓர் உதவி இருக்கிறது. அங்கே சிகிச்சை அரசின் பொறுப்பு. அப்படியானால் அறக்கட்டளைக்கு என்ன வேலை? 1973-இல் உருவான ஃபேமிலி ஃபண்ட், மாற்றுத்திறன் உள்ள அல்லது கடுமையாக நோயுற்ற குழந்தைகளை வளர்க்கும் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு வாஷிங் மெஷின், படுக்கை, குடும்பத்தோடு நாலு நாள் எங்காவது போய்வர ஒரு வழி என்று கொடுக்கிறது. வாஷிங் மெஷின் என்று படித்ததும் சிலருக்கு அற்பமாகத் தோன்றலாம். ஒரே நாளில் ஐந்து முறை படுக்கை விரிப்பு மாற்ற வேண்டியிருக்கும் குழந்தையின் அம்மாவிடம் கேட்டால் வேறு பதில் வரும். சிகிச்சையே இலவசமானாலும் நோயின் செலவு தீர்ந்துவிடுவதில்லை என்பதற்கு எனக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தெரியாது.

சிகிச்சையாகவே வரும் உதவி

பொருந்தினால் இதற்கு ஈடு எதுவும் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் 1962-இல் திறந்த செயின்ட் ஜூட் மருத்துவமனை, புற்றுநோயோடு வரும் குழந்தைகளின் குடும்பத்துக்குச் சிகிச்சை, பயணம், தங்குமிடம், உணவு எதற்கும் பில் அனுப்புவதில்லை. இந்தியாவில் நவ ராய்ப்பூரின் ஸ்ரீ சத்ய சாய் சஞ்சீவனி மருத்துவமனை குழந்தைகளின் இதயக் குறைபாடுகளுக்கு முழுக்க இலவசமாக அறுவை சிகிச்சை செய்கிறது. எகிப்தில் மருத்துவர் மக்டி யாகூபின் அறக்கட்டளை 2009-இல் தொடங்கிய அஸ்வான் இதய மையமும் அப்படித்தான். இங்கெல்லாம் எஸ்டிமேட்டோடு அலைய வேண்டாம். பாதிப் பணம் கிடைத்து மீதிக்குத் திண்டாடும் நிலையும் இல்லை.

விலை வேறு வடிவில் இருக்கிறது. நோய் அவர்களுடைய பட்டியலுக்குள் வர வேண்டும். செயின்ட் ஜூடில் சேர மருத்துவரின் பரிந்துரை வேண்டும், பெரும்பாலும் அங்கே நடந்துகொண்டிருக்கும் ஓர் ஆய்வுச் சிகிச்சைக்கும் குழந்தையின் நோய் பொருந்த வேண்டும். வேறிடத்தில் பாதிச் சிகிச்சை முடிந்த பிறகு போனால் அந்தப் பொருத்தம் கெட்டுப்போகக்கூடும். ஆகவே இந்தக் கதவை முதல் வாரத்திலேயே தட்ட வேண்டும். எங்கெங்கோ செலவழித்துக் கையில் எதுவும் மிஞ்சாத பிறகு இலவச மருத்துவமனையைத் தேடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. அந்த வரிசையை அப்படியே தலைகீழாக்க வேண்டும்.

இதே வகையில் இன்னொரு வித்தியாசத்தையும் பார்க்க வேண்டும். உதடு, அண்ணப் பிளவுக்கு இலவச அறுவை சிகிச்சை செய்யும் அமைப்புகளில் இரண்டு வழிகள் உண்டு. 1982-இல் தொடங்கிய ஆபரேஷன் ஸ்மைல், மருத்துவர் குழுக்களை வேறு நாடுகளுக்கு அனுப்பி முகாம் நடத்துவதில் பெயர் பெற்றது. 1999-இல் வந்த ஸ்மைல் டிரெயின், அந்தந்த நாட்டு மருத்துவர்களுக்கே பயிற்சியும் பணமும் கொடுத்து அவர்களைக் கொண்டே செய்விக்கிறது. மருத்துவரே இல்லாத இடத்தில் முகாம் பெரிய வரம். ஆனால் பிளவுக் குறைபாடு ஓர் அறுவையோடு முடிகிற விஷயம் இல்லை. பால் குடிக்கப் பழக்குவதில் தொடங்கி பேச்சுப் பயிற்சி, பல் வரிசை, காது என்று பல வருடம் போகும். ஆறு மாதம் கழித்துத் தையலில் சந்தேகம் வந்தால் போய்ப் பார்க்க அதே மருத்துவர் இருப்பாரா? பெற்றோராக இருந்தால் நான் உள்ளூர் மருத்துவர் வழியையே தேர்ந்தெடுப்பேன். முகாம் அமைப்புகளும் இப்போது உள்ளூர்ப் பயிற்சியை வளர்த்து வருகின்றன என்பது நல்ல செய்தி.

யாரும் எஸ்டிமேட்டில் எழுதாத செலவு

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் ஒரு கணக்கு என் மனதை விட்டுப் போவதில்லை. புற்றுநோய் வந்த குழந்தைகளில் பணக்கார நாடுகளில் 80 சதவீதத்துக்கும் மேல் குணமாகிறார்கள். பல ஏழை நாடுகளில் 30 சதவீதத்துக்கும் குறைவு. தாமதமாகக் கண்டுபிடிப்பது, மருந்து கிடைக்காதது என்று இதற்குப் பல காரணங்கள். அவற்றில் ஒன்று, சிகிச்சையைப் பாதியில் கைவிடுவது. மருந்து இருக்கிறது, மருத்துவர் இருக்கிறார், குழந்தைக்கு மருந்து கேட்கவும் செய்கிறது. குடும்பம் மட்டும் வருவதை நிறுத்திவிடுகிறது.

ஏன் நிறுத்துகிறார்கள்? குழந்தைகளுக்கு அதிகம் வரும் ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை இரண்டிலிருந்து மூன்று வருடம் நீளும். அத்தனை காலமும் தூரத்து மருத்துவமனைக்குப் போய்வர வேண்டும். அப்பாவோ அம்மாவோ வேலையை விட வேண்டும். வீட்டில் இன்னொரு குழந்தை யாரிடமாவது வளரும். முதல் மாதத்தில் வந்து சேர்ந்த பெரிய தொகை பதினைந்தாம் மாதத்தில் இருக்காது. அதற்குள் குழந்தை ஓடியாடி விளையாட ஆரம்பித்திருக்கும், இனி என்ன என்று வீட்டில் சொல்வார்கள். அந்த நேரத்தில் அவர்களைத் திரும்ப வரவைப்பது ஒரு பஸ் டிக்கெட்டும் படுக்க ஓர் அறையும்தான்.

அதனால்தான் தங்குமிட உதவியைச் சில்லறை உதவியாக நினைக்க என்னால் முடியவில்லை. ரொனால்ட் மெக்டொனால்ட் ஹவுஸின் முதல் வீடு 1974-இல் ஃபிலடெல்ஃபியாவில் திறந்தது. அமெரிக்கக் கால்பந்து வீரர் ஃபிரெட் ஹில்லின் மகளுக்கு ரத்தப் புற்றுநோய். மருத்துவமனை நாற்காலிகளிலேயே தூங்கி எழும் மற்றப் பெற்றோரை அவரும் மனைவியும் அங்கே பார்த்தார்கள். குழந்தைகள் புற்றுநோய் மருத்துவரான ஆட்ரி எவான்ஸ் அப்படிப்பட்ட குடும்பங்களுக்கு ஒரு வீடு வேண்டும் என்று ஏற்கெனவே தேடிக்கொண்டிருந்தார். இரண்டும் ஒன்று சேர்ந்தபோது வீடு வந்தது. இலவசமாக அல்லது மிகக் குறைந்த கட்டணத்தில், குழந்தைக்குப் பக்கத்திலேயே இருக்க ஓர் இடம்.

தீராத நோய்களுக்கும் இதே நியாயம்தான். முதல் வகைச் சர்க்கரை நோய் வந்த குழந்தைக்கு ஒருமுறை கிடைக்கும் பெரிய தொகையால் என்ன பயன்? இன்சுலின் இந்த மாதமும் வேண்டும், அடுத்த மாதமும் வேண்டும். 2000-ஆம் ஆண்டிலிருந்து இயங்கும் லைஃப் ஃபார் எ சைல்ட், வசதி குறைந்த நாடுகளின் குழந்தைகளுக்கு இன்சுலின், ஊசி, பரிசோதனைப் பட்டைகள் என்று பொருளாகவே கொடுக்கிறது. உங்கள் குழந்தையின் நோய் இப்படி வாழ்நாள் முழுக்கக் கூட வரும் என்றால், காசோலை தருகிறவர்களை விட மருந்து தருகிறவர்களை முதலில் தேடுங்கள்.

கிரவுட்ஃபண்டிங்

இணையத்தில் பலரிடமிருந்து சிறு சிறு தொகையாகத் திரட்டுவது இது. இதில் விண்ணப்பக் குழு இல்லை, வருமான வரம்பு இல்லை, இன்று இரவே தொடங்கலாம். ஈர்ப்பு புரிகிறது. சில குழந்தைகளை இது காப்பாற்றியும் இருக்கிறது. முதுகுத்தண்டு தசைநார்ச் சிதைவு என்ற அரிய நோய்க்கான சோல்ஜென்ஸ்மா மருந்து 2019-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றபோது ஒரு டோஸின் விலை 21.25 லட்சம் டாலர். இரண்டு வயதுக்குள் போட வேண்டும் என்பது அந்த அனுமதியின் வரம்பு. எந்த அறக்கட்டளையின் வழக்கமான வரம்புக்குள்ளும் அடங்காத தொகை அது, காத்திருக்கவும் நேரமில்லை. பல நாடுகளில் பெற்றோர் முன்பின் தெரியாதவர்களிடம் கை நீட்டித்தான் திரட்டினார்கள். 2020-இல் அந்த மருந்தைத் தயாரிக்கும் நிறுவனமே, அது இன்னும் அனுமதி பெறாத நாடுகளுக்காக, வருடத்துக்கு 100 டோஸ் வரை குலுக்கலில் இலவசமாகக் கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. நூறு குழந்தைகளுக்கு உயிர் கிடைத்தால் அது பெரிய விஷயம்தான். ஆனாலும் ஒரு குழந்தையின் முறை குலுக்கலில் தீர்மானமாவதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

வழக்கமான நிலவரம் வேறு. 2016 முதல் 2020 வரை அமெரிக்காவில் கோஃபண்ட்மீ தளத்தில் நடந்த நாலு லட்சத்துக்கும் மேற்பட்ட மருத்துவ முயற்சிகளை ஆராய்ந்தவர்கள், இலக்கைத் தொட்டவை 12 சதவீதத்துக்கும் குறைவு என்று கண்டார்கள். வசதியான, படித்த சுற்றம் இருப்பவர்களுக்கு அதிகம் வந்தது. அதாவது, உதவி யாருக்கு அதிகம் தேவையோ அவர்களிடம்தான் இந்த வழி குறைவாகப் போய்ச் சேர்கிறது.

குடும்பம் எதைக் கொடுக்க வேண்டியிருக்கிறது என்ற மூன்றாவது கேள்வி இங்கேதான் கனமாகிறது. பணம் வர வேண்டுமென்றால் குழந்தையின் படம் வேண்டும் என்பார்கள். மூக்கில் குழாயோடு, அழுத முகத்தோடு எடுத்த படத்துக்கு அதிகம் வரும் என்பார்கள். அந்தக் குழந்தை பிழைத்து, வளர்ந்து, பள்ளிக்கூடத்தில் தன் பெயரை ஒருநாள் தேடும். அந்தப் படம் அங்கேயே இருக்கும். உயிருக்குப் போராடும்போது இதையெல்லாம் பார்க்க முடியுமா என்று கேட்டால், முடியாதுதான். மற்ற வழிகளை முதலில் முயன்றிருந்தால் பல குடும்பங்களுக்கு அந்த நிலையே வந்திருக்காது என்பதால் சொல்கிறேன். வேறு வழியில்லாமல் இதற்கு வந்தால், சிரிக்கிற பழைய படத்தைப் போடுங்கள். என்ன மருந்து, எவ்வளவு, இதுவரை எவ்வளவு கட்டியாயிற்று என்பதைத் தெளிவாக எழுதுங்கள். தளம் எவ்வளவு கட்டணம் பிடிக்கும் என்பதையும் தொடங்கும் முன்பே கேளுங்கள்.

சரி, எந்த வரிசையில் போவது?

நானாக இருந்தால் முதல் நாளே, சலுகைகளுக்கும் உதவிகளுக்கும் வழி காட்டும் மருத்துவமனைச் சமூகப் பணியாளரைப் போய்ப் பார்ப்பேன். கட்டணத்தை மருத்துவமனையே குறைத்தால், வெளியே கேட்க வேண்டிய தொகை அங்கேயே சுருங்கும். அமெரிக்காவில் வரிவிலக்கு பெற்ற லாப நோக்கற்ற மருத்துவமனைகள் நிதியுதவிக் கொள்கையை எழுத்தில் வைத்திருக்க வேண்டும் என்று 2010-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. மற்ற இடங்களில் அப்படிச் சட்டம் இருக்கிறதோ இல்லையோ, பல மருத்துவமனைகளில் ஏதோ ஒரு சலுகை இருக்கும், கேட்டால்தான் சொல்வார்கள். அதே வாரத்தில் அரசு உதவியையும், நோய்க்குப் பொருந்தும் இலவச மருத்துவமனையையும் விசாரித்துவிட வேண்டும். தங்குமிடத்துக்கும் அப்போதே பெயர் கொடுத்துவிடலாம், பல இடங்களில் காத்திருப்போர் பட்டியல் நீளம். உதவித்தொகைக்கு விண்ணப்பம் சிகிச்சை தொடங்கும் முன் போக வேண்டும். கிரவுட்ஃபண்டிங் இவற்றுக்கெல்லாம் பிறகு.

ஒரே பில்லை இரண்டு அறக்கட்டளைகளிடம் கொடுக்காதீர்கள். ஏமாற்று என்று எடுத்துக்கொண்டால் இரண்டுமே போய்விடும். எஸ்டிமேட்டை வாங்கும்போதே அறுவை, மருந்து, பரிசோதனை, கருவி என்று தனித்தனி வரியாகப் பிரித்து, தேதியும் கையெழுத்தும் போட்டுக் கேளுங்கள். ஒவ்வொரு வரியையும் ஒவ்வொரு இடத்தில் கேட்கலாம். விண்ணப்பத்தில் "இதர செலவுகள்" என்று ஒரு கட்டம் இருக்கும், பெரும்பாலானோர் கூச்சப்பட்டு அதைக் காலியாக விட்டுவிடுகிறார்கள். வண்டிக் கூலி, அறை வாடகை, வேலைக்குப் போகாத நாட்களின் சம்பளம், வீட்டில் விட்டுவந்த குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆகும் செலவு, எல்லாவற்றையும் அங்கே எழுதுங்கள். சிகிச்சை எத்தனை மாதமோ, அத்தனை மாதத்துக்கும் கணக்குப் போட்டு எழுதுங்கள்.